கலிபோர்னியாவிற் குடியேறிய பஞ்சாபியர்

அயல்நாட்டில் உழைத்துப் பொருளீட்டல் வேறு. அந்நாட்டிற்கு உரியராய் வாழ்தல் வேறு. இதனை நாம் தெளிய உணர்தற்குக் கலிபோர்னியா மாகாணத்துப் பஞ்சாபியர் வரலாறு தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பஞ்சாபி ஆடவர் பலர் அங்குச் சென்று, இம்பீரியல் பள்ளத்தாக்கிற் பருத்தி விளைத்தனர். 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் வரவைத் தடுத்தமையால், ஊரிலிருந்து மனைவியரை அழைத்தல் அரிதாயிற்று. வெள்ளையர் வேற்று நிறத்தாரை மணப்பதற்கும் அந்நாளில் அம்மாகாணத்தில் விலக்கிருந்தது. ஆகவே அவருட் பலர் மெக்சிக்க மாதரை மணந்தனர். மணச்சீட்டு வழங்கிய எழுத்தர் கண்ணுக்கு இருவர் நிறமும் ஒன்றாகவே தோன்றிற்றுப் போலும்! கணவன் பெரும்பாலும் சீக்கியன். மனைவியோ கத்தோலிக்க ஆலயஞ் செல்பவள். இல்லத்தில் வழங்கியது பெரிதும் ஸ்பானிய மொழியே. ரொட்டியும், மெக்சிக்கரது தோர்த்தியா என்னும் அடையும் ஒரே அடுப்பில் வெந்தன.

1923இல் பகத்சிங் திந்து என்பாரின் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தக்கவரல்லர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகாதார் நிலம் வாங்குதலை மாகாணச் சட்டம் 1913லேயே தடுத்திருந்தது. பஞ்சாபியர் என் செய்தனர்? அம்மண்ணிற் பிறந்தமையாற் குடிகளாகிய தம் மக்கள் பெயரால் நிலத்தை எழுதுவித்தனர். பள்ளிச் சிறுவன் நிலக்கிழவனாயினான். உழுத தந்தை அயலானாகவே நின்றான்.

1946ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமைக்கு வழி திறந்தது. அதற்குள் பலர் நரைத்துவிட்டனர். அப்பள்ளத்தாக்கிற் பயிர்செய்த தலீப்சிங் சௌந்து என்பார் 1949இற் குடியாகி, 1956இல் அமெரிக்கப் பிரதிநிதி சபைக்கே தெரிந்தெடுக்கப்பட்டார்.