தாளைத் துறந்த கோடு

சித்திரத்துக்குத் தாள், சிற்பத்துக்குக் கல்லும் உலோகமும் என்று நெடுங்காலமாக வகுத்து வைத்திருந்த எல்லையைச் சென்ற நூற்றாண்டின் கலைஞர்கள் பலர் பலவிதமாகக் கடந்திருக்கிறார்கள். 1920களின் பிற்பகுதியில் பாரிஸில் வசித்த அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கர், கம்பியை வளைத்தே மனித முகங்களை அந்தரத்தில் வரைந்து காட்டினார். ஆயினும், உருவம் என்ற ஆதாரத்தையும் விலக்கிவிட்டு, கோட்டை அதன் சுபாவத்துக்காகவே ஆராய்ந்தவர்களில் வெனிசுவேலாவில் வாழ்ந்த கெகோ அம்மையாருக்கு நிகராக ஒருவரைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கெர்ட்ரூட் கோல்ட்ஷ்மிட் என்ற இயற்பெயருடன் 1912இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, ஸ்டுட்கார்ட்டில் கட்டிடக் கலையும் பொறியியலும் பயின்று 1938இல் தேறிய அவர், நாஜி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி மறு வருஷமே காரகாஸ் நகரை அடைந்தார். கம்பிகளைக் கொண்டு முப்பரிமாண அமைப்புகளை அவர் செய்யத் தொடங்கியது 1957 வாக்கில், ஏறத்தாழ 45 வயதில்தான். கட்டிட வரைபடத்தில் இழுக்கும் ஒவ்வொரு ரேகையும் பின்னால் எங்கோ ஒரு பாரத்தைத் தாங்கப்போகிறது என்ற பொறியாளரின் உணர்வு அவருடைய கைகளை விட்டு ஒருநாளும் நீங்கவில்லை.

1969இல் காரகாஸ் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த ‘ரெட்டிகுலாரியா’ ஓர் அறை முழுவதும் படர்ந்த கம்பி வலை. கம்பித் துண்டுகளின் நுனிகளை வளைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனதால், முக்கோணமும் நாற்கோணமுமாகக் கண்கள் பெருகி, கூரையிலிருந்து தொங்கி, சுவரெங்கும் பரவி, நடுவும் ஓரமும் தெரியாத ஒரு விஸ்தாரம் உண்டாயிற்று. எதிரே நின்று சித்திரம் பார்த்துப் பழகிய மனிதர்கள் அதன் உள்ளேயே புகுந்து நடந்தார்கள்.

உலகம் அதைத்தான் பெரிதும் கொண்டாடுகிறது. எனக்கோ, 1976 முதல் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் செய்துவந்த ‘தாளில்லாச் சித்திரங்கள்’ என்ற சிறிய படைப்புகளே அதனினும் உயர்ந்தவையாகப் படுகின்றன. கம்பியும் உலோகத் துணுக்குகளும், வேறு வேலைகளில் மிஞ்சிய சின்னஞ்சிறு சாமான்களும் சேர்ந்த அவற்றைச் சுவரில் ஒட்டாமல், சற்றே விலகி நிற்கும்படி தொங்கவிட்டார். கம்பி ஒரு கோடு என்றால், வெளிச்சம் பட்டுச் சுவரில் விழும் அதன் நிழல் இன்னொரு கோடு. முன்னது கலைஞர் இட்டது, பின்னதை விளக்கும் சூரியனும் நிர்ணயிக்கின்றன. புகைப்படத்தில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு எது கம்பி, எது நிழல் என்று பிரித்தறிவதே சிரமம். நேரில் ஓரடி நகர்ந்தால் போதும், ஒன்றிருந்த இடத்தில் நிற்க, மற்றொன்று அதிலிருந்து பிரிந்து விலகுவதைக் கண்ணாரக் காணலாம்.

தம் படைப்புகளைச் சிற்பம் என்று அழைப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது நியாயமே என்பேன். சிற்பம் தன் கனத்தால் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இவையோ தமக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் மனிதரையும் மறைக்காமல் காட்டுகின்றன. 1994இல் காரகாஸிலேயே அவர் மறைந்தார். அதற்கு முந்திய சில ஆண்டுகளில், அச்சிட்ட தாள்களை நீண்ட நாடாக்களாக நறுக்கி, பாவும் ஊடுமாக அவற்றைப் பின்னிக்கொண்டிருந்தார்.