ஓடும் படமும் நகரும் லோகோவும்: வீடியோ எடிட்டிங்கில் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

கோடை விடுமுறையில் ஏற்காடு போய்வரும் குடும்பங்கள் இப்போது புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. மலைச்சாலையில் பஸ் ஏறுவது, ஏரியில் படகு போவது, லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகள் என்று கைப்பேசியில் எடுத்த துண்டுப் படங்களைப் பிள்ளைகள் ஒன்றாகக் கோர்க்கிறார்கள். மேலே குடும்பப் பெயர் ஓடிவர, மூலையில் ஒரு சின்னம் சுழல, ஒரு நிமிட வீடியோ தயாராகி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. மதரஸா ஆண்டு விழாவுக்கும், ஜமாஅத் அறிவிப்புக்கும், நிக்காஹ் அழைப்புக்கும் வீடியோ செய்து தருவதும் பெரும்பாலும் இதே பிள்ளைகள்தான்.

பெற்றோரில் பலருக்கு இது ஏதோ மாயவித்தை போலத் தெரிகிறது. உண்மையில் இதன் அடிப்படை மிக எளிது. அதைப் பெரியவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு சின்னத்தை அழகாக நகர்த்தும் அதே வித்தைதான் ஒருவருடைய முகத்தை மறைத்துக் காப்பாற்றவும், ஒரு பொய்யை உண்மை போலக் காட்டவும் பயன்படுகிறது.

கீஃப்ரேம் என்றால் என்ன?

வீடியோ என்பது வேகமாக அடுத்தடுத்துக் காட்டப்படும் அசையாப் படங்களின் வரிசை. நொடிக்கு 25 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். ஒரு லோகோ ஒரு நொடியில் இடமிருந்து வலமாகப் போக வேண்டுமானால், 25 ஃபிரேம்களிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியிருக்க வேண்டும்.

பழைய கார்ட்டூன் கூடங்களில் இதைக் கையால் செய்தார்கள். மூத்த ஓவியர் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். மூத்தவர் வரைந்த அந்த முக்கியப் படங்களே கீஃப்ரேம்கள். இடையை நிரப்பும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறையைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அந்த முறையில் 1974-ல் 'ஹங்கர்' என்ற குறும்படமே வெளிவந்தது. இன்று டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ, கைன்மாஸ்டர் என எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது இதுதான். தொடக்கமும் முடிவும் நாம் சொல்கிறோம். நடுவில் உள்ளதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது.

முதல் ஃபிரேமில் லோகோ 0 என்ற புள்ளியில் இருக்கிறது, 25 ஃபிரேம் தள்ளி 1000 என்ற புள்ளியில் நிற்கிறது என்று குறித்தால், ஃபிரேமுக்கு 40 பிக்சல் வீதம் அதை மென்பொருள் நகர்த்தும். இடம் மட்டுமல்ல, அளவு, சுழற்சி, தெளிவு மங்கல் ஆகியவற்றையும் இதே போல இரண்டு புள்ளிகள் வைத்து மாற்றலாம்.

மலைச்சாலை சொல்லும் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எந்த ஓட்டுநரும் அடிவாரம் முதல் உச்சி வரை ஒரே வேகத்தில் ஓட்டுவதில்லை. வளைவு நெருங்கும்போது வேகம் குறையும். திரும்பியபின் மெல்லக் கூடும். கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அசைவு இதுதான்.

புதிதாக எடிட்டிங் பழகுபவர்களின் லோகோ பொம்மை போல விறைப்பாக நகர்வதற்குக் காரணம், அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் ஓடிச் சட்டென்று நிற்பதுதான். கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து 'ஈஸ் இன்', 'ஈஸ் அவுட்' என்ற வசதிகளைப் போட்டால், லோகோ மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்கும். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடிவாரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடம்

அந்த ஏற்காடு சாலையில், மலை ஏறுவதற்கு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் பழைய நுழைவு வளைவைப் பார்க்கலாம். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய நிறுவனம் அது. தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. அதற்கும் முன்பே, 1940-ல், பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' படத்தை அந்நிறுவனம் எடுத்தது.

ஒரே நடிகரை ஒரே காட்சியில் இரண்டு பேராகக் காட்ட அன்றைய சினிமாவில் கையாளப்பட்ட வழி இது: காமிராவின் பார்வையில் ஒரு பாதியை மறைத்துப் படம் எடுப்பார்கள், ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். இடையில் காமிரா மயிரிழை அசைந்தாலும் கோடு தெரிந்துவிடும். இன்று நாம் 'மாஸ்க்', 'லேயர்' என்று திரையில் தட்டுவது அந்த வேலையைத்தான். கருவி சுலபமாகிவிட்டது, கவனம் மட்டும் அன்றைப் போலவே தேவைப்படுகிறது.

லோகோவை நகர்த்தும் முறை

முதலில், லோகோ பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக இருக்க வேண்டும். ஜேபிஜி கோப்பானால் சின்னத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தெரியும்.

அடுத்து, டைம்லைனில் வீடியோவுக்கு மேல் உள்ள தடத்தில் லோகோவை வையுங்கள். அது கடைசியாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்து அங்கே ஒரு கீஃப்ரேம் போடுங்கள். பிறகு ஒரு நொடி பின்னால் வந்து, லோகோவைத் திரைக்கு வெளியே தள்ளி இன்னொரு கீஃப்ரேம் போடுங்கள். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வருவது குழப்பத்தைக் குறைக்கும்.

லோகோ சுழல வேண்டுமானால் 'ஆங்கர் பாயிண்ட்' அதன் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது மூலையில் இருந்தால், சின்னம் தன்னைத்தானே சுற்றாமல் கயிற்றில் கட்டிய கல் போலச் சுற்றும்.

திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் சுமார் 100 பிக்சலாவது உள்ளே தள்ளி வைப்பது நல்லது.

செய்த லோகோ அசைவை வேறு வீடியோக்களிலும் பயன்படுத்த எண்ணினால், வழக்கமான எம்பி4 கோப்பாக எடுக்காதீர்கள். பின்னணியின் வெறுமை அதில் தங்காது, கறுப்பாகிவிடும். எடிட்டிங் புராஜெக்ட் கோப்பையே பத்திரப்படுத்துங்கள்.

புகைப்படங்களுக்கும் இதே வழிதான். ஏற்காட்டில் எடுத்த ஒரு படத்தின் அளவை ஐந்து நொடிகளில் 100-லிருந்து 110 ஆக உயர்த்தினால், பனிமூட்டத்துக்குள் நாம் மெல்ல நடந்து போவது போன்ற உணர்வு வரும். அதற்கு மேல் போனால் தலைசுற்றும்.

அடுத்த குடும்பத்தின் முகம்

ஏரிக்கரையில் நாம் எடுக்கும் வீடியோவில் நம் குடும்பம் மட்டும் இருப்பதில்லை. படகுக்கு நிற்கும் பெண்கள், விளையாடும் குழந்தைகள் என யார் யாரோ விழுகிறார்கள். அவர்கள் நம்மிடம் சம்மதம் சொன்னவர்கள் அல்லர். நம் வீட்டுப் பெண்களின் முகம் ஊரார் கைப்பேசியில் சுற்றுவதை நாம் விரும்புவதில்லை. பிறர் வீட்டாருக்கும் அப்படித்தான்.

இங்கே கீஃப்ரேம் நமக்குக் கை கொடுக்கிறது. முகத்தின் மேல் ஒரு வட்ட மாஸ்க் போட்டு, அதற்குள் மங்கலாக்கி, 'டிராக்கிங்' வசதியை இயக்கினால், அந்த முகம் நகர நகர வட்டமும் கூடவே நகரும். ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. யாராவது குறுக்கே போனாலோ, முகம் திரும்பினாலோ டிராக்கிங் வழி தவறிவிடும். ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்து, தவறிய இடத்தில் கையால் கீஃப்ரேம் போட வேண்டும். ஒரே ஒரு ஃபிரேமில் முகம் தெரிந்தாலும், வீடியோவை நிறுத்தி அதைப் படமாக எடுத்துவிட முடியும். அந்தக் காட்சியை வெட்டிவிட முடிந்தால் அதுவே இன்னும் பாதுகாப்பு.

லோகோ சாட்சி அல்ல

ஒரு தொலைக்காட்சியின் சின்னம் மூலையில் சுழன்றால், கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடினால், நாம் அதைச் செய்தி என்று நம்பிவிடுகிறோம். மேலே சொன்ன முறையைப் படித்தவர்களுக்கு இப்போது விளங்கும்: அதைச் செய்யச் சில நிமிடங்களும் ஒரு பிஎன்ஜி கோப்பும் போதும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. வேறு சம்பவங்களின் காட்சிகளைத் தவறான விளக்கத்தோடு பரப்பியிருந்தார்கள். தமிழகக் காவல்துறை மறுப்பு வெளியிட்டு வழக்குகள் பதிந்தது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பியது. ஊர் விட்டு ஊர் வந்து உழைத்த எளியவர்கள் அதனால் எத்தனை பயந்திருப்பார்கள்! நம் சமுதாயமும் இத்தகைய வதந்திகளால் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆகவே நமக்கு வரும் வீடியோ நமக்குச் சாதகமானதாக இருந்தாலும் விசாரிக்காமல் அனுப்பக் கூடாது.

சில அறிகுறிகள் உதவும். படம் மங்கலாக இருக்க, லோகோ மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அது பிறகு ஒட்டப்பட்டதாக இருக்கலாம். சின்னத்தைச் சுற்றி மெல்லிய வெளிர் விளிம்பு, அந்த நிறுவனம் வழக்கமாகப் பயன்படுத்தாத எழுத்து வடிவம் ஆகியவையும் சந்தேகத்துக்கு இடம் தருபவை. ஆனால் இவை அறிகுறிகள்தான், தீர்ப்பல்ல. அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே செய்தி இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

பிறர் சின்னம் ஓர் அமானிதம். ஜமாஅத்தின் லோகோவையோ, பள்ளியின் லோகோவையோ நிர்வாகிகளின் அனுமதி இல்லாமல் ஒரு வீடியோவில் வைத்தால், அவர்கள் சொல்லாத சொல்லை அவர்கள் வாயில் வைத்ததாகிவிடும்.

எடிட்டிங் தெரிந்த பிள்ளைக்கு நாளை வேலைவாய்ப்பும் உண்டு. கைப்பேசியோடு இருக்கிறான் என்று கடிந்துகொள்வதற்கு முன், அவன் செய்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்தக் காட்சி எங்கே எடுத்தது, இந்த லோகோ யாருடையது, இதில் தெரிபவர்களிடம் கேட்டாயா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், அடுத்த விழா வீடியோவை அவனிடமே நம்பிக் கொடுக்கலாம்.