கடலடி இணைப்புக் குழாய்களில் நீரோட்டத்தால் எழும் அதிர்வு: வளைவும் முறுக்கும்

முன்னுரை

ஆழ்கடல் எண்ணெய், எரிவாயு வயல்களில் கிணற்றுத் தலை, பல கிணறுகளின் விளைபொருளைத் திரட்டும் மேனிஃபோல்டு, அங்கிருந்து புறப்படும் நெடுங்குழாயின் முனை ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது ‘ஜம்பர்’ எனப்படும் எஃகு இணைப்புக் குழாயாகும். இது பெரும்பாலும் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போலவோ கவிழ்த்த ‘யு’ எழுத்தைப் போலவோ மடிந்து, இரு முனைகளில் மட்டும் தாங்கப்பெற்று, கடற்படுகையைத் தொடாமல் நிற்கிறது.

இம்மடிப்புக்குக் காரணம் வெப்பம். எஃகின் வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் உயருமானால், தடையின்றிக் கிடக்கும் 1 கி.மீ. குழாய் ஏறத்தாழ 60 செ.மீ. நீளும். படுகை மண்ணின் உராய்வு ஒரு பகுதியைத் தடுத்தாலும், எஞ்சிய நகர்வை ஜம்பர் வளைந்து கொடுத்து ஏற்க வேண்டும். அதற்கெனவே அதன் விறைப்பைக் குறைத்து வடிவமைக்கின்றனர். விறைப்புக் குறையவே இயல்பு அதிர்வெண்ணும் குறைகிறது. மெல்லிய நீரோட்டமும் அதனை அசைக்கத் தொடங்குகிறது. நேர்க்குழாய்க்கு வகுக்கப்பட்ட கணிப்பு முறைகள் இவ்வடிவத்திற்கு ஏன் போதாமல் போகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழல் உதிர்வும் அதிர்வெண் பூட்டும்

உருளையைக் கடக்கும் நீர் அதன் பின்புறத்தில் இருபக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. காற்றில் விரைந்து நகரும் கம்பி எழுப்பும் ஒலியை ஆராய்ந்த ஸ்ட்ரூகல், ஒலியின் அதிர்வெண் வேகத்திற்கு நேர்விகிதத்திலும் விட்டத்திற்கு எதிர்விகிதத்திலும் அமைவதை 1878-இல் கண்டார். அவர் பெயரால் வழங்கும் எண் பரந்த ரெனால்ட்ஸ் எண் எல்லைக்குள் ஏறத்தாழ 0.2 ஆகும். வெப்பக்காப்பு உறையுடன் 0.4 மீட்டர் விட்டமுள்ள குழாயை வினாடிக்கு 0.5 மீட்டர் வேக நீரோட்டம் கடக்குமானால் சுழல் உதிர்வின் அதிர்வெண் 0.25 ஹெர்ட்ஸ், அதாவது 4 வினாடிக்கு ஓர் ஆட்டம். மெதுவானதாகத் தோன்றும் இவ்வாட்டம் ஓராண்டு இடையறாது நீடித்தால் ஏறத்தாழ 79 லட்சம் சுற்றுகளாகிவிடும்.

இந்நிகழ்வை வெறும் ஒத்ததிர்வு எனக் குறிப்பது முழுமையாகாது. ஒத்ததிர்வில் புறவிசையின் அதிர்வெண் தன்னளவில் மாறாதது. இங்கோ குழாய் அசையத் தொடங்கியதும் சுழல் உதிர்வே குழாயின் அசைவுக்கு இணங்கிவிடுகிறது. நீரோட்டத்தின் வேகம் சற்று மாறினாலும் அதிர்வு விடுவதில்லை. ‘அதிர்வெண் பூட்டு’ என்னும் சொல் இதற்குப் பொருந்தும். மேலும், குழாயுடன் சேர்ந்து அசையும் நீரின் நிறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேற்கண்ட குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 129 கிலோ கடல்நீரை இடம்பெயர்க்கிறது. இதே அளவான கூட்டு நிறை சேர்வதால் இயல்பு அதிர்வெண் மேலும் தாழ்கிறது.

அதிர்வு இருவகைப்படும். நீரோட்டத்திற்குக் குறுக்கே எழுவது வீச்சில் பெரியது. நீரோட்டத் திசையிலேயே எழுவது வீச்சில் சிறியது. ஆயினும் மிகக் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். நம் எடுத்துக்காட்டுக் குழாயின் இயல்பு அதிர்வெண்ணும் 0.25 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால், 0.5 மீட்டர் வேகத்தில் குறுக்கு அதிர்வு வலுப்பெறும். நீரோட்டத் திசை அதிர்வோ அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்திலேயே தலைகாட்டக்கூடும்.

நேர்க்குழாயும் மடிகுழாயும்

நார்வேயின் ஓர்மன் லாங்கே எரிவாயு வயல், ஸ்டோரெகா என்னும் பழங்கால நிலச்சரிவு விட்டுச்சென்ற கரடுமுரடான கடற்படுகையில் அமைந்தது. அங்கே குழாய்கள் மேட்டுக்கு மேடு தாவி நெடுந்தொலைவு அந்தரத்தில் நிற்க நேர்ந்தமை இத்துறை ஆய்வுக்குப் பெரும் உந்துதல் அளித்தது. டெட் நோர்ஸ்கே வெரிடாஸ் 2002-இல் வெளியிட்ட எஃப்105 வழிகாட்டி இத்தகைய அந்தரக் குழாய்களுக்கானது. நேர்க்குழாய் எத்திசையில் அதிர்ந்தாலும் அதில் தோன்றுவது பெரும்பாலும் வளைவுத் தகைவே.

மடிகுழாயில் நிலைமை வேறு. அதன் செங்குத்துக் கை, வடிவத் தளத்திற்கு வெளியே சாயும்போது மூலையில் ஏற்படும் திருப்பம், அடுத்த கிடைக்கைக்கு முறுக்காகச் சென்று சேர்கிறது. ஒரு கையின் வளைவு மறுகையின் முறுக்காகிறது என்பதே இச்சிக்கலின் மையம். நீரோட்டம் தளத்திற்குச் செங்குத்தாக வந்தால், குறுக்கு அதிர்வு தளத்திற்குள்ளேயே அடங்கும். சிறியதென ஒதுக்கப்படும் நீரோட்டத் திசை அதிர்வே முறுக்கைத் தருகிறது. நீரோட்டம் தளத்திற்கு இணையாக வந்தாலோ, கிடைக்கைகள் பெரிதும் தப்பிவிடுகின்றன. செங்குத்துக் கைகளின் குறுக்கு அதிர்வு முழுவதும் தளத்திற்கு வெளியே நிகழ்கிறது. எனவே நடுப்பகுதியின் வீச்சை மட்டும் அளந்து பாதுகாப்பை முடிவு செய்வது தவறாகும். முழங்கை வளைவுகளை அடுத்த பற்றவைப்புகளிலும் முனை இணைப்பிகளிலும் வளைவு, முறுக்கு இரண்டும் கூடிய முதன்மைத் தகைவையே கணிக்க வேண்டும். உலோகச் சோர்வில், தகைவின் மும்மடிக்கேற்பச் சேதம் வளரும் எல்லையில், தகைவு இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். முறுக்கை விட்டுவிட்ட கணக்கு இங்குதான் ஏமாற்றுகிறது.

தடுப்பு முறைகளுள் பெரிதும் கையாளப்படுவது திருகுப் பட்டைகளைச் சுற்றிப் பொருத்துதல். புகைபோக்கிகளைக் காற்றின் ஆட்டத்திலிருந்து காக்க 1957-இல் பிரிட்டனில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் முன்வைத்த உத்தியே கடலுக்குள் இறங்கியிருக்கிறது. இப்பட்டைகள் சுழல் உதிர்வு ஒருங்கே நிகழாதபடி சிதைக்கின்றன. ஆனால் இழுவிசையை மிகுவிக்கின்றன. எனவே அவற்றை நடுக் கிடைக்கையில் மட்டும் சுற்றி நிறைவடைதல் போதாது. நீரோட்டம் தளத்திற்கு இணையாகப் பாயும் இடங்களில் செங்குத்துக் கைகளே முதலில் மூடப்பட வேண்டியவை.