லண்டன் போகவேண்டிய கதை சிங்கப்பூர் போனது!

ஆரணி என்றால் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். துப்பறியும் கதைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. "இரத்தினபுரி இரகசியம்" எழுதிய ஆரணி குப்புசாமி முதலியார், தமிழர்களுக்கு மர்மக் கதை ஆசையை ஊட்டியவர்களில் ஒருவர். அவர் 1925-ல் காலமானார்.

பின்னாளில் அந்த ஆசையை வளர்த்தவர் சுஜாதா. அவர் படைத்த வக்கீல் கணேஷ், மூளையால் முடிச்சை அவிழ்ப்பவர். "ப்ரியா" நாவலில் ஒரு சினிமா நடிகைக்காக அவர் லண்டன் போகிறார்.

1978-ல் அது படமாயிற்று. எஸ்.பி.முத்துராமன் டைரக்ட் செய்தார். கணேஷாக ரஜினிகாந்த், ப்ரியாவாக ஸ்ரீதேவி. லண்டன் போய், சிங்கப்பூர் வந்தது. வக்கீலுக்குக் காதலி வந்தாள். சண்டையும் வந்தது. இளையராஜாவின் பாட்டுகள் எங்கும் ஒலித்தன. படமும் ஓடியது. ஆனால், நாவலைப் படித்துவிட்டுப் போனவர்களோ தங்கள் கணேஷைத் தேட வேண்டியதாயிற்று!

ஏன் இந்த ஏமாற்றம்?

பட்டுத் தறியைப் பாருங்கள். ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றும். ஓர் அட்டை இடம் மாறினாலும் சேலையில் பூ கெட்டுவிடும். மர்மக் கதையும் அப்படித்தான். இங்கே ஒரு தடயம், அங்கே ஒரு சந்தேகம். வரிசை முக்கியம். நடுவே பாட்டும் ஊர் சுற்றலும் புகுந்தால், சந்தேகத்தின் சூடு ஆறிவிடும்.

ஆகவே, படம் பார்த்தவர்கள் "கதைதான் தெரியுமே" என்று புத்தகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். லண்டன் கணேஷ் அதில்தான் இருக்கிறார்.