மணிமுக்தா கடலைத் தொடும் இடத்தில் துடுப்புப் படகு

ஆற்றில் படகேறிப் பறவை பார்க்கப் போவதாகச் சங்கராபுரத்தில் சொன்னால் சிரிப்பார்கள். மணிமுக்தாவில் படகு விடத் தண்ணீர் ஏது? கல்வராயன் மலையில் பிறக்கும் ஆறு மழைக்காலத்தில் பெருகி ஓடும், கோடையில் மணல்தான். மலைமேல் கரியாலூரில் படகுத்துறை இருக்கிறது, ஆனால் அது ஆறு இல்லை.

அதே ஆற்றின் போக்கிலேயே போனால் கதை மாறுகிறது. கோமுகியைச் சேர்த்துக்கொண்டு விருத்தாசலத்தைத் தாண்டும் மணிமுக்தா, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையில் கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். இங்கே வருபவர்களில் பலர் 1975இல் வந்த ‘இதயக்கனி’ படமெடுத்த இடத்தைக் காட்டச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதுவும் தப்பில்லை, ஆனால் படகில் ஏறியாகிவிட்டது, கொஞ்சம் மேலேயும் பார்க்கலாம்.

கரையில் நின்று பார்ப்பதைவிடப் படகு ஏன் மேல்? மீன்கொத்தி தண்ணீர்மேல் சாய்ந்த கிளையில், தண்ணீரைப் பார்த்துத்தான் உட்காரும். கரையிலிருந்து நமக்குப் புதரின் முதுகுதான் தெரியும். படகிலிருந்து பறவையின் முகம் தெரியும். பகலில் வக்கா சுரபுன்னைக் கிளைகளின் நிழலில் தூங்கும், தோசிக் கொக்கு வேர்களுக்கிடையே அசையாமல் குனிந்து நிற்கும். இரண்டையும் நடந்துபோய்ப் பார்ப்பது கடினம். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு காலில் நிமிர்ந்து நடந்து வரும் மனித உருவத்துக்குப் பறவைகள் அஞ்சும். படகில் நாம் தாழ்வாக, ஆடாமல் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் கூடுதல் நெருக்கம் வரை பொறுத்துக்கொள்ளும்.

இந்தப் பொறுமையை இயந்திரப் படகு கெடுத்துவிடும். சத்தம் ஒருபுறம், அது எழுப்பும் அலை சேற்றுத் திட்டில் இரை பொறுக்கும் உள்ளான்களை விரட்டுகிறது. குறுகிய கால்வாய்களுக்குள் நுழையவும் துடுப்புப் படகே தோது. படகுக்காரரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: “அண்ணே, பறவை தெரிஞ்சா கொஞ்சம் முன்னாடியே துடுப்பை நிறுத்திடுங்க, படகு தானா போகட்டும்.” நேராகப் பறவையை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போவது நல்லது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும்.

நேரத்தைக் கடிகாரம் மட்டும் முடிவு செய்வதில்லை, கடலும் சேர்ந்து முடிவு செய்கிறது. நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும்போது சேறு வெளிப்பட்டு, உள்ளான்களும் கொக்குகளும் மேயும். ஏறும்போது அவை கிளைகளுக்கும் மேடுகளுக்கும் ஒதுங்கும், வாய்க்காலில் படகு உள்ளே போக ஆழம் கிடைக்கும். காலையில் வற்றத் தொடங்கும் நாள் அமைந்தால் பாக்கியம். வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை காலம்; மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி படகுக்கும் வசதி.

இருநோக்கி வாங்குகிறவர்கள் ‘பத்து மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மயங்குவார்கள். ஆடும் படகில் அது நம் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். எட்டு மடங்கு, 42 மி.மீ. கண்ணாடி போதும்.

உப்பங்கழி இல்லாத நன்னீர் ஆற்றில்தான் பார்க்க வேண்டும் என்றால், காவிரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டியிருக்கும் ரங்கனதிட்டுக்குப் போகலாம். ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியதால் உருவான தீவுகள் அவை. பறவையியலாளர் சாலிம் அலியின் வற்புறுத்தலால் மைசூர் அரசு 1940இல் அதைச் சரணாலயமாக்கியது. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் மரங்களுக்கு அருகே துடுப்புப் படகு போகும். பாறையில் முதலைகள் வாயைத் திறந்து வெயில் காயும், ஆகவே கையைத் தண்ணீரில் விடாதீர்கள். கூடு கட்டும் பருவத்தில் இன்னும் நெருங்கச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்த வேண்டாம். தாய் எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் மாட்டும்.

பயணச் செலவு இப்போது கட்டுப்படியாகவில்லையா? 36 அடி மணிமுக்தா அணையோ, 46 அடி கோமுகி அணையோ நிறைந்திருக்கும் தை மாதத்தில் கரையில் நின்றே பழகலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு செயலியில் பதிந்தால் போதும்.