உரிமமற்ற காப்பீட்டு விற்பனை: சட்டத்தின் தண்டனை யாரைத் தொடுகிறது?

1987ஆம் ஆண்டில் எல்.ஐ.சி. பாலிசிதாரர் ஒருவர் மார்ச் மாதம் கட்ட வேண்டிய அரையாண்டுப் பிரீமியத்தைக் கட்டத் தவறினார். ஜூன் மாதத்தில் முகவர் அவரைச் சந்தித்து, காசோலை வாங்கிச் சென்று, அதைப் பணமாக மாற்றிக்கொண்டார். எல்.ஐ.சி. அலுவலகத்தில் அந்தப் பணம் உடனே செலுத்தப்படவில்லை. ஆகஸ்டில் பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார். மறுநாள்தான் முகவர் பிரீமியத்தைக் கட்டினார். குடும்பம் நீதிமன்றம் சென்றது. ஹர்ஷத் ஷா வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில் 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதுதான்: எல்.ஐ.சி.யின் விதிகள் பிரீமியம் வசூலிக்கும் அதிகாரத்தை முகவருக்கு வழங்கவில்லை. ஆகவே அவரிடம் கொடுத்த பணம் நிறுவனத்திடம் கொடுத்த பணமாகாது.

அந்த முகவர் போலி அல்லர். முறைப்படி நியமிக்கப்பட்டவர். அவரிடம் இல்லாதிருந்தது பணத்தைக் கையில் வாங்கும் அதிகாரம் மட்டுமே. உரிமம் பெற்ற முகவரிடமே இந்த நிலை என்றால், எந்த உரிமமும் இல்லாமல் வாசலுக்கு வந்து அட்டையில் தேதி குறித்துப் பணம் வாங்கிச் செல்பவரிடம் ஏமாந்த குடும்பத்தின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

திருச்சி–புதுக்கோட்டை சாலையில், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாக உள்ள கீரனூர் போன்ற ஊர்களில் இக்கேள்விக்கு வேறொரு கனம் உண்டு. நாள்கூலிக்குக் கல் உடைப்பவர், கட்டட வேலைக்குச் செல்பவர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஆகியோருக்குக் காப்பீடு என்பது வரிச்சலுகைக்கான முதலீடு அன்று. சம்பாதிப்பவர் இறந்துவிட்டால் அடுத்த மாதம் அடுப்பெரிய உள்ள ஒரே வழி. அவர்களில் பெரும்பாலோரால் வேலைநாளில் அலுவலகம் சென்று வரிசையில் நிற்க இயலாது. எனவே வீட்டு வாசலில் நடக்கும் வசூலே வழக்கமாகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கையெழுத்திடக் கற்றுத்தந்த மாவட்டம் புதுக்கோட்டை. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் கையெழுத்திடத் தெரிவது வேறு. ஆங்கிலத்தில் அச்சிட்ட முன்மொழிவுப் படிவத்தில் தன் பெயரில் எதை நிரப்பியிருக்கிறார்கள் என்று அறிவது வேறு. மோசடி நடப்பது இந்த இடைவெளியில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 3ஆம் பிரிவின்படி பதிவுச் சான்று பெறாத எவரும் காப்பீட்டுத் தொழில் நடத்தத் தடை விதிக்கிறது. அந்தச் சான்றை வழங்குவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதிவின்றித் தொழில் நடத்துபவருக்கு 25 கோடி ரூபாய் வரை அபராதமும் 10 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கலாம். முகவர்களைப் பற்றியது 42ஆம் பிரிவு. சட்டத்துக்கு மாறாக முகவராகச் செயல்படுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். தகுதியற்றவரை முகவராக்கும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என அத்திருத்தம் வகுத்தது. பெறப்பட்ட பிரீமியத்தை, வங்கி மற்றும் அஞ்சல் விடுமுறை நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் முகவர் நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும் என்கிறது 64வி.பி. பிரிவு. பிரீமியம் நிறுவனத்திடம் சேரும் முன் இடரை நிறுவனம் ஏற்காது என்பதும் அதே பிரிவின் விதிதான். தாமதம் செய்பவர் முகவர்; அதன் விலையைக் கொடுப்பதோ இறந்தவரின் குடும்பம்.

25 கோடி, ஒரு கோடி என்ற தொகைகள் பெரிதாகத் தோன்றும். ஆனால் செயற்களத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது 109ஆம் பிரிவு. இச்சட்டத்தின் கீழான குற்றத்தை ஆணையத்தின் அலுவலரோ, ஆணையம் அதிகாரமளித்தவரோ புகார் அளித்தாலொழிய நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது. அதாவது கீரனூர் காவல் நிலையத்தில் நீங்கள் அளிக்கும் புகார், தானாகவே காப்பீட்டுச் சட்ட வழக்காக மாறிவிடாது. ஆணையத்தின் தலைமை அலுவலகமோ ஐதராபாத்தில் இருக்கிறது. இந்தத் தூரத்தை அறியாமல், ‘பத்தாண்டு சிறை’ என்று துண்டறிக்கை அச்சிடுவதால் பயனில்லை.

காவல் நிலையத்தில் உடனடியாகப் பயன்படுவது பாரதிய நியாய சன்ஹிதா. ஏமாற்றிப் பணம் பறித்தலுக்கு 318(4)ஆம் பிரிவின் கீழ் ஏழாண்டுகள் வரை சிறை. போலிப் பாலிசிப் பத்திரம் தயாரித்திருந்தால் மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாக உருவாக்குதல் பற்றிய 338ஆம் பிரிவும் சேரும். அதற்கு ஆயுள் வரை தண்டனை உண்டு. இந்த வேறுபாடு தலித் மக்களுக்கு முக்கியமானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என அறிந்தே, அச்சமூகத்தைச் சாராத ஒருவர் இழைத்தால் ஆயுள் தண்டனைக்கு வழிவகுக்கிறது. ஏழாண்டுக் குற்றமான ஏமாற்றுதல் மட்டும் இருந்தால் அந்தப் பிரிவு எட்டாது. போலிப் பத்திரம் இருந்தால் அதைக் கோரும் வாதத்துக்கு இடமுண்டு. எனவே முதல் தகவல் அறிக்கையில் ‘பணம் வாங்கி ஏமாற்றினார்’ என்று மட்டும் எழுதவிடாமல், கொடுக்கப்பட்ட காகிதத்தையும் அது போலி என்பதையும் பதிவுசெய்ய வைக்க வேண்டும். காப்பீடு என்ற பெயரில், முதிர்வுத் தொகை தருவதாகப் பலரிடம் வைப்புத்தொகை திரட்டியிருந்தால், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப் பிரிவை அணுகலாம். நிறுவனத்தின் சொத்தை முடக்கிப் பணத்தைத் திருப்பித் தர வழி உள்ளது அங்குதான்.

சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கப்படும் தொழிலாளரின் நிலை சற்று வேறு. சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பிரீமியத்தைப் பிடித்து அனுப்பும் முதலாளி, எல்.ஐ.சி.யின் முகவராகவே கருதப்படுவார் என்று ராஜீவ் குமார் பாஸ்கர் வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. பிடித்த பணத்தை அனுப்பாமல் விட்டது முதலாளி என்று காரணம் காட்டி எல்.ஐ.சி. விலகிக்கொள்ள முடியாது. அத்திட்டத்தில் பிடித்தம் செய்யப்படுபவர்கள் சம்பளப் பட்டியலின் நகலைப் பத்திரப்படுத்தி வைப்பது இதனால்தான் அவசியம்.

ரொக்கமாகக் கேட்கப்படும் ‘அரசுக் காப்பீடு’ பற்றியும் ஒரு சொல். பிரதமர் பெயரிலான விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய் என்பது 2022 ஜூன் முதலான கட்டணம். இரண்டும் வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படுபவை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் பயனாளியின் குடும்பம் பிரீமியமே கட்டுவதில்லை. இவற்றுக்கென்று கையில் பணம் கேட்பவரிடம் நிறுவனத்தின் அடையாள அட்டையையும் ரசீதையும் கேட்கலாம். தயங்கினால் பணம் தர வேண்டாம். ஆணையத்தின் 155255 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். பதிவுபெற்ற நிறுவனத்துடனான தகராறு என்றால், முதலில் அந்நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. ஆனால் போலி நிறுவனத்தின் மீது குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் கிடையாது. பலர் இங்கே மாதக்கணக்கில் அலைந்து வீணாகிறார்கள்.

உரிமம் என்ற வேலி மோசடிக்காரரை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை என்பதையும் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் புரூடென்ஷியல் நிறுவனம் 1881ஆம் ஆண்டில், அதே வாரப் பிரீமியத்தைச் செலுத்திய கறுப்பின மக்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்தே இழப்பீடு தருவதென முடிவெடுத்தது. முறைப்படி உரிமம் பெற்ற நிறுவனம்தான் அது. அம்மக்கள் தங்களுக்கான நிறுவனங்களைத் தாங்களே கட்டினார்கள். 1898ஆம் ஆண்டில் டர்ஹாம் நகரில் தோன்றிய நார்த் கரோலினா மியூச்சுவல் அவற்றுள் ஒன்று. நம் சேரிகளிலும் சாவு விழுந்த வீட்டுக்கு வீட்டுக்கொரு தொகை திரட்டிக் கொடுக்கும் ஏற்பாடுகள் உண்டு. அதையே சற்று முறைப்படுத்தி, மாதச் சந்தா வாங்கி, இறப்புக்கு இன்ன தொகை என உறுதியளித்தால், சட்டத்தின் கண்ணில் அது பதிவற்ற காப்பீட்டுத் தொழிலாகிவிடக்கூடும். பதிவு பெறவோ 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். மகளிர் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களின் நுண்காப்பீட்டு முகவராகலாம் என 2005ஆம் ஆண்டு விதிகள் வழி திறந்தன. ஆனால் முகவராக விற்கலாமே தவிர, சொந்த நிதியத்தை நடத்த முடியாது. சேவா அமைப்பின் மிராய் சாட்டர்ஜி தலைமையில் ஆணையம் அமைத்த குழு, நுண்காப்பீட்டுக்கென்றே தனி நிறுவனங்களை அனுமதித்து, அவற்றுக்கான மூலதன வரம்பை 20 கோடியாகக் குறைக்குமாறு 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அந்த 20 கோடியும் எந்தச் சேரியின் கையிலும் இல்லை.