சங்கம் தஸ்தாவேஜுகளைக் கேட்கும் முறை

பவானி ஜமக்காள நெசவாளரும், சென்னிமலைப் போர்வை நெசவாளரும், ஈரோட்டு மஞ்சள் விவசாயியும் தத்தம் சங்கத்திற்கு அளிக்கவேண்டிய தஸ்தாவேஜுகள் பல. சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. முன்னர் அங்கத்தினர்கள் இவற்றின் நகல்களை நேரில் கொணர்ந்து கொடுத்தனர். இப்பொழுதோ, “மின்னஞ்சலில் அனுப்பிவிடவும்” என்று ஒரு வரி எழுதிக் கேட்பது வழக்கமாகி வருகிறது. இதன் சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. இதிலுள்ள அபாயத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் முதன்முதலாகச் சென்றது 1971ஆம் ஆண்டில். அனுப்புவோர் உண்மையில் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு தொடக்கத்தில் அதில் இல்லை. பின்னர் சில காப்புகள் சேர்க்கப்பட்டன. ஆயினும், ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் சங்கத்தின் முகவரிபோலத் தோன்றும் வேறு முகவரியை எவரும் உண்டாக்கலாம். மேலும், அனுப்பிய நகல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அனுப்பியவர் பெட்டியிலும், பெற்றவர் பெட்டியிலும், இருவரின் கைப்பேசிகளிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. கணினி மையத்திலிருந்து அனுப்பினால் அங்கும் ஒரு பிரதி எஞ்சக்கூடும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. சங்கம் எதையும் எப்பொழுதும் மின்னஞ்சலில் கேட்குமாயின், கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் பழக்கம் அங்கத்தினருக்கு ஏற்பட்டுவிடும். அப்பழக்கத்தையே மோசக்காரன் பயன்படுத்திக் கொள்கிறான். பயிர்க்கடனோ, சேமநிதியோ வந்து சேரும் கணக்கு ஒரே நாளில் காலியாகலாம். ஆகவே பாதுகாப்பு என்பது அங்கத்தினர் அனுப்பும்போது தொடங்குவதன்று. சங்கம் கேட்கும்போதே தொடங்குவதாகும்.

முதலாவதாக, தேவையானதை மட்டுமே கேட்கவேண்டும். பட்டா எண்ணும் கிராமமும் தெரிந்தால் சிட்டாவை வருவாய்த்துறையின் இணையதளத்திலேயே சங்கம் பார்த்துக்கொள்ளலாம். ஆதார் நகல் அவசியமானால், பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் பெரும்பாலான காரியங்களுக்குப் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள நெறியும் இதுவே: காரணத்தைச் சொல்லிக் கேள், வேண்டியதை மட்டும் வாங்கு, காரியம் முடிந்ததும் அழித்துவிடு.

இரண்டாவதாக, கோப்பைப் பூட்டி அனுப்பச் சொல்லவேண்டும். கடவுச்சொல்லை அதே கடிதத்தில் எழுதுவது, பெட்டியின்மேல் சாவியைக் கட்டி அனுப்புவதை ஒக்கும். அதனைத் தொலைபேசியில் தெரிவிப்பதே முறை. இணையத்தில் பெறும் ஆதார்க் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பேரெழுத்துக்களும் பிறந்த ஆண்டுமே ஆகும். ஊரார் அறிந்த விவரங்களால் திறக்கும் அப்பூட்டை நம்பியிருத்தல் தகாது.

மூன்றாவதாக, கேட்பது சங்கமே என்று சரிபார்க்க வழி கூறவேண்டும். கடிதத்தின் வாசகம் பின்வருமாறு இருக்கலாம்:

“தங்கள் கடன் மனுவிற்காக மறைப்பு ஆதார் நகல் ஒன்று மட்டும் தேவை. இக்கடிதம் குறித்து ஐயமிருப்பின், தங்கள் பாஸ்புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணில் எங்களை அழைத்துக் கேட்கவும். விரும்பினால் நேரிலும் கொடுக்கலாம். ஓ.டி.பி. எண்ணையோ, ஏ.டி.எம். இரகசிய எண்ணையோ சங்கம் ஒருபோதும் கேட்காது. காரியம் முடிந்ததும் நகல் அழிக்கப்படும்.”

கடிதத்திலேயே காணும் எண்ணை அழைத்துக் கேட்பதில் பயனில்லை. மோசக்காரனும் தன் எண்ணையே எழுதியிருப்பான்.

சங்க அலுவலகத்திற்கும் கடமையுண்டு. மின்னஞ்சல் பெட்டிக்கு இருபடிச் சரிபார்ப்பு அமைத்தல் வேண்டும். ஒரே கடவுச்சொல்லைச் சிப்பந்திகள் யாவரும் பகிர்ந்துகொள்ளலாகாது. அழிக்கும்பொழுது, அழித்தவை தங்கும் பகுதியையும் காலி செய்தல் அவசியம். எவ்வளவு எச்சரிக்கையாயிருந்தும் பணம் பறிபோனால், வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் முடக்கி வைக்க வாய்ப்புண்டு.

அங்கத்தினர் ஒப்படைக்கும் நூலுக்கும் விளைபொருளுக்கும் சங்கம் கணக்கு வைக்கிறது. அவர்கள் ஒப்படைக்கும் தஸ்தாவேஜுகளுக்கும் அவ்வாறே கணக்கு வைத்தல் வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், நமது சங்கம் யாரிடம் எதை, எதற்காகக் கேட்கிறது என்று அங்கத்தினர்கள் வினவுவார்களாக.